மூன்றாவது லொறி

அந்த வசந்த காலத்தில் லண்டனில் தமிழ்ப் பிள்ளைகளாக இருந்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம். முதலில், உடம்பு எப்படி? எனக்கு முப்பது நெருங்குகிறது. குனிந்தால் இடுப்பு ஒரு சொல் சொல்கிறது, நிமிர்ந்தால் முழங்கால் அதற்குப் பதில் சொல்கிறது. போன மாதம் முன்நெற்றியில் முதல் நரையைக் கண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று அதை முறையாக வரவேற்றேன். ஆகவே ஒரு கிழவிக்குரிய எல்லா உரிமையோடும் பழங்கதை பேசப் போகிறேன். நடுவில் எழும்பிப் போகிறவர்கள் கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளுங்கள்.

2009 பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வீர்கள். பாராளுமன்றத்துக்கு முன்னால் இருந்த புல்வெளி, பதாகை, மேளம், கட்டிப்போன தொண்டை, பொலிஸ்காரரின் குதிரை. நானும் அங்கே நின்றேன். மேளம் அடிக்கத் தந்தார்கள், தாளம் தப்புகிறது என்று உடனே வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்த வருடம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது குதிரை அல்ல. யானை.

அப்போது நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு ஒடுங்கிய வீட்டில் இருந்தோம். கதவைத் திறந்தால் மூக்கில் இடிக்கிற மாதிரி மாடிப்படி இருக்குமே, அந்த வகை வீடு. அப்பா ஜேர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஜேர்மன் மொழியில் சண்டையே போடுவார். ஆங்கிலத்தில் பெற்றோல் பம்ப் இலக்கங்களைத் தாண்டி அதிகம் போக மாட்டார். அவருடைய ஷிப்ட் முடியும்வரை நான் பள்ளி விட்டு வந்து பக்கத்து நூலகத்தில் காத்திருப்பேன். அந்த நூலகம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஜிம் நடக்கிறது. என் இடுப்புக்குப் பயன்படும் என்று ஒருநாள் உள்ளே போய், விலையைக் கேட்டு, இடுப்பு உடனே குணமாகித் திரும்பி வந்தேன்.

நூலகத்தின் கதவில் அந்த மாசி மாதம் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. பெரிய மிருக வேட்டை, வனவிலங்கு நிர்வாகம், புதன்கிழமைகளில் கல்விப் பேச்சு, படங்களுடன். பேசுகிறவர் ஆபிரிக்கக் காடுகளில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். அனுமதி இலவசம், தேநீர் உண்டு. அப்பா என்னை இதற்குக் கூட்டிப்போன காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: அன்று மழை, எங்களிடம் குடை இல்லை, மேல்மாடியில் ஹீட்டர் வேலை செய்தது.

மேல்மாடியில் நீலக் கதிரைகள். ஈரக் கம்பளியும் பழைய கம்பளமும் சேர்ந்த ஒரு மணம். பென்சன் எடுத்த நாலைந்து வெள்ளைக்காரர், அவர்களில் ஒரு அம்மா முதல் படம் விழுந்ததுமே நித்திரை. ஒரு மூலையில் பச்சைச் சட்டை போட்ட பெண், கோபப்படுவதற்கென்றே வந்தவள். முன்னால் அவர். நெடிய கிழவர். பச்சைக் கழுத்துப் பட்டி, முகம் தெரிகிற மாதிரி மினுக்கிய நாடா வைத்த சப்பாத்து. பக்கத்தில், திரையில் படம் காட்ட, வட்டத் தட்டில் படச் சில்லுகள் அடுக்கிய பழைய இயந்திரம். ஒவ்வொரு படம் மாறும்போதும் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் வரும். இப்போதும் யாராவது சீட் பெல்ட் போடுகிற சத்தம் கேட்டால் அடுத்து சிங்கம் வரும் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா முதல் வரிசையில் போய் இருந்தார். பெரிய மனிதர் பேசும்போது பின்னால் இருப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. நான் பக்கத்தில் இருந்து காதுக்குள் மொழிபெயர்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது, ரெட்டைப் பின்னல், வாய் மட்டும் வயதுக்கு மேல்.

“இந்த எருமை இவரை மரத்திலை ஏத்திப் போட்டுதாம், அப்பா. ரெண்டு மணித்தியாலம் மரத்திலை இருந்தவராம்.”

“மரத்திலை இருந்து என்ன செய்தவர்?”

“பயந்தவராம்.”

“உண்மை கதைக்கிற மனிசன்,” என்று அப்பா தலையாட்டினார். அந்த மனிதர் மீது அவருக்கு மரியாதை வந்த இடம் அதுதான்.

இரண்டாம் புதன் வந்த ஒரு படம்தான் எங்களைக் கெடுத்தது. ஒரு தெரு. தெருவில் வரிசையாக லொறிகள். ஒவ்வொன்றிலும் வீடு அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. முன்னால் இரண்டு வேறு வேறு சீருடை போட்ட அதிகாரிகள் கைகொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில் இளைய வயதில் எங்கள் பேச்சாளர், அரைக் காற்சட்டையோடு சிரிக்கிறார். ஒரு சரணாலயத்தில் யானைகளுக்கு இடம் போதாமல் போயிற்றாம். சுற்றிவர வேலி, ஊர், துவக்குச் சூடு. ஆகவே ஒரு கூட்டத்தையே லொறியில் ஏற்றி, எல்லை தாண்டி, அடுத்த நாட்டுக் காட்டில் கொண்டுபோய் விட்டார்களாம்.

நான் சொல்லி முடித்ததும் அப்பா என் கையைப் பிடித்தார்.

“திருப்பிச் சொல்லு பிள்ளை. எல்லை தாண்டியோ?”

“ஓம்.”

“ரெண்டு அரசாங்கமும் ஓமெண்டதோ?”

“அப்பிடித்தானே படத்திலை நிக்கினம்.”

அப்பா அதன் பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தவர் எடுக்க மறந்து, அது உள்ளே விழுந்து கரைந்தது.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. மாமாவும் மாமியும் இரண்டு குட்டிகளும் அப்போது வன்னியில், சனம் எல்லாம் கடலோரமாக நெருக்கப்பட்டுப் போன அந்த ஒடுங்கிய நிலத்தில் இருந்தார்கள். எப்போதாவது, யாரோ ஒருவரின் சற்றலைட் போனில், எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு எடுப்பார். என் பகிடி எல்லாம் அவரிடமிருந்து வந்த சொத்து.

“அக்கா, இஞ்சை கடற்கரைதான். நீங்கள் காசு கட்டி ஸ்பெயினுக்குப் போறியள் எல்லோ, அதே மாதிரி மணல். எங்களுக்கு இலவசம். சாப்பாடு மட்டும் ஹோட்டல்காரன் தாறானில்லை.”

அம்மா அழுதுகொண்டே சிரிப்பாள். பின்னால் ஏதோ கதவு அடிபடுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். அது கதவு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த இரண்டாம் புதன் இரவு அப்பா சமையலறையில் நின்று அம்மாவுக்குத் திட்டத்தைச் சொன்னார்.

“இஞ்சை பாரும். ஒரு யானை நாலு தொன். அந்தாள் அப்பிடி ஒரு கூட்டத்தையே கொண்டுபோய் விட்டிருக்கிறார். உம்மடை தம்பியின்ரை குடும்பம் முழுக்கச் சேர்த்தாலும் இருநூறு கிலோ வராது. இப்ப இன்னும் குறைஞ்சிருக்கும்.”

“அவர் யானையைச் சுட்ட ஆள் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“சுட்டவர்தான். பிறகு காப்பாத்தினவர். ரெண்டு பக்க அனுபவமும் இருக்கு.”

“கடவுளே. ஊரிலை உள்ள எம்.பி. எல்லாருக்கும் எழுதியாச்சு. இனி யானைத் துரையிட்டையோ போகப் போறியள்?”

“எம்.பி.மார் ஒரு ஆட்டுக்குட்டியையாவது தெரு கடத்தி விட்டிருப்பினமோ? சொல்லும் பாப்பம்.”

அம்மா கறிச்சட்டியை மூடினாள். அந்தப் பெயர் மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. யானைத் துரை.

நீங்கள் கேட்கலாம், அடுத்த புதனே நேரே கேட்டிருக்கலாமே என்று. கேட்பீர்கள், ஏனென்றால் நாமெல்லாம் ஈமெயிலின் தலைப்பிலேயே விஷயத்தைப் போடப் பழகியவர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்முடைய வீடுகளில் எந்தப் பெரிய விஷயமாவது எப்போதாவது கதிரையில் இருந்து பேசப்பட்டிருக்கிறதா? கலியாணம், வருத்தம், பிரிவினை, எல்லாம் வாசலில்தான். மூன்று மணித்தியாலம் இருந்து காலநிலை பேசி, சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, எழும்பி, ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மற்றதைத் தேடும்போது, “அது சரி, ஒரு சின்ன விசயம் சொல்ல மறந்து போனன்” என்று தொடங்கும். மறந்திருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் வந்திருப்பார்கள். வீட்டுக்குள் வைத்துக் கேட்டால் மறுக்கிறவருக்கு முகம் கொடுக்க ஏலாது; வாசலில் என்றால் அவர் மற்றக் காலையும் சப்பாத்துக்குள் விட்டுப் போய்விடலாம். அப்பா இந்த ஒழுங்கை மீறவே மாட்டார். பிரச்சினை என்னவென்றால் நூலகத்தில் யாரும் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. யானைத் துரையோ பேச்சு முடிந்ததும் பெட்டியைப் பூட்டிக் கையைக் காட்டிவிட்டு, நாங்கள் படியிறங்குவதற்குள் பஸ்ஸில் ஏறிவிடுவார். வேட்டைக்காரர் அல்லவா, சத்தமில்லாமல் மறையத் தெரியும்.

ஆகவே அவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குக் கூப்பிடுமுன் பழக வேண்டும். பழகுவதற்கு ஒவ்வொரு புதனும் போக வேண்டும். அம்மா பொரித்த மீன் கட்லெட்டோடு போனோம். வெளியே மாமாவின் கடற்கரை கிழமைக்குக் கிழமை ஒடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா மரியாதையாகத் தன் முறை வரும்வரை காத்திருந்தார்.

இதற்கிடையில் கதை பரவிவிட்டது. அப்பா பெற்றோல் ஷெட்டில் ஒருவருக்குச் சொல்ல, அவர் வான் ஓடுகிற ஒருவருக்குச் சொல்ல, அது பாராளுமன்றப் புல்வெளியில் சுற்றி வளர்ந்து, எல்லை தாண்டி ஆட்களைக் கொண்டுபோகத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரர் புதன்கிழமைகளில் இலவசமாக ஆலோசனை தருகிறார் என்றாகிவிட்டது. நாலாம் புதன் நாங்கள் போனபோது முதல் இரண்டு வரிசையும் நிரம்பியிருந்தது. எல்லாம் நம்முடைய ஆட்கள். தோய்த்து மினுக்கிய சேர்ட், எண்ணெய் வைத்து வாரிய தலை. இல்ஃபோர்ட்டில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணை ஒருவர் கடையைப் பூட்டிவிட்டு, ரயில் மாறி மாறி வந்திருந்தார். அவருடைய தாயும் தகப்பனும் அங்கே. ஒவ்வொருவருக்கும் அங்கே யாராவது.

யானைத் துரையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வரிசை புதுச் சனம். லண்டன் தமிழர்களுக்கு வனவிலங்கு நிர்வாகத்தில் இப்படியொரு வெறி இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். குரலே மாறிவிட்டது. கேள்வி நேரம் வந்ததும் கைகள் எழுந்தன. எல்லாக் கேள்விகளும் என் வழியாகப் போயின.

“எத்தினை லொறி எண்டு கேள் பிள்ளை.”

“பெர்மிஷன் முதல்லை ஆரிட்டைக் கேக்கிறதாம்? அங்கத்தை ஆக்களிட்டையோ, இஞ்சத்தை ஆக்களிட்டையோ?”

“வழியிலை ஆமிக்காரர் மறிச்சவையோ?”

“தரைவழி ஏலாட்டிக் கப்பலிலை ஏத்தலாமோ எண்டு கேள்.”

யானையைக் கப்பலில் ஏற்றுவது பற்றி அவர் நெடுநேரம் யோசித்தார். முடியும், ஆனால் கடல் அமைதியாக இருக்க வேண்டும், குட்டிகளைத் தாயோடு வைக்க வேண்டும் என்றார். நான் சொன்னதும் இரண்டு வரிசையும் பெருமூச்சு விட்டது. அப்போதுதான் பச்சைச் சட்டைப் பெண் எழும்பி, நீங்கள் ஒரு கொலைகாரர், எத்தனை உயிரைக் கொன்றீர்கள், வெட்கமில்லையா என்று கத்தத் தொடங்கினாள். இல்ஃபோர்ட் அண்ணை திரும்பி, சுத்தத் தமிழில் அவளிடம் சொன்னார்:

“தங்கச்சி, கொஞ்சம் இரும். அவர் லொறி விசயம் சொல்லி முடிக்கட்டும்.”

என்ன விளங்கியதோ, அவள் இருந்துவிட்டாள். பிறகு கட்லெட்டும் கேட்டாள். மீன் என்றதும் வேண்டாம் என்றாள்.

அடுத்த புதன் பேச்சின் பொருள், எண்ணிக்கையைக் குறைத்தல். எனக்கு அந்தச் சொல்லின் முழு அர்த்தம் தெரியாது. படங்கள் அன்று குறைவு. முதலில் ஒரு வரைபடம். சரணாலயத்தின் எல்லை வருடத்துக்கு வருடம் எப்படிச் சுருங்கியது என்று குச்சியால் காட்டினார். இடம் குறையும்போது மரம் முடிகிறது, தண்ணீர் முடிகிறது. எல்லா முறையும் லொறி கிடைப்பதில்லை. லொறி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அவர் அமைதியாக, எந்தப் பெருமையும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் காட்டுகிற ஆசையில் நானும் ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். எல்லோரும் என் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார்கள்.

“மேலாலை ஹெலிகொப்டர் வருமாம். சத்தத்துக்கு எல்லாம் ஓடி வந்து ஒண்டாச் சேருமாம். பெரிசுகள் வெளியிலை, குஞ்சுகள் நடுவிலை. அப்பிடி வட்டமா நிண்டாச் சுகமாம்.”

“ஆருக்குச் சுகம்?” என்று அப்பா கேட்டார்.

“சுடுறவைக்கு.”

அப்பா கையிலிருந்த தேநீரைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.

“முழுக் குடும்பத்தையும் எடுக்க வேணுமாம் அப்பா. ஒண்டை விட்டா அதுக்கு விசர் பிடிச்சிடுமாம். அது மறக்காதாம்.”

“முழுக் குடும்பத்தையுமோ?”

“ஓம்.”

‘க்ளக்’ என்று அடுத்த படம் விழுந்தது. வெறும் புல்வெளி, ஒரு மரம், அதில் பறவைகள். கேள்விகள் இருக்கிறதா என்று அவர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. பச்சைச் சட்டைப் பெண்கூட வாய் திறக்கவில்லை. அந்த அமைதியைத் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். எங்களை நோக்கி மெல்லத் தலை குனிந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா படியின் அடியில், தொலைபேசிக்குப் பக்கத்தில், வாங்கி வந்த சாமான் பையைக்கூட இறக்கி வைக்காமல் இருந்தாள்.

“தம்பி எடுத்தவன்.”

“எப்ப?”

“இப்பதான். அத்தான் எங்கை எண்டு கேட்டான். யானைக் கதை கேக்கப் போட்டார் எண்டு சொன்னன்.” அம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, வந்து பாதியில் நின்றது. “அவன் சிரிச்சான். வெடிச் சிரிப்பு. பிள்ளையளைக் கூப்பிட்டு அவையளுக்கும் சொன்னான். வந்தாப்பிறகு எனக்கும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கோ எண்டான். லைன் அறுந்து போட்டுது.”

அதன் பிறகு அந்தத் தொலைபேசி அடித்ததெல்லாம் கண்ணாடி ஜன்னல் விற்கிறவர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே யானைத் துரையை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார் அப்பா. இனிப் பழகிக் காணும், கேட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அம்மா டூட்டிங் போய் நண்டு வாங்கி வந்தாள். இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, சொதி. அவரைக் கேட்கும் உரிமை அப்பாவுக்கு என்று ஆட்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பதிலைக் கேட்காமல் வீட்டில் இருக்க ஒருவருக்கும் ஏலவில்லை. அதனால் காலையிலேயே வந்து, சப்பாத்துகளைப் பின் முற்றத்தில் ஒளித்துவிட்டு, மேல்மாடியில் என்னுடைய அறையில் போய் இருந்துவிட்டார்கள். என் ஒற்றைக் கட்டிலில் மீசை வைத்த அத்தனை பேர், முழங்காலில் கை வைத்தபடி, சுவரில் நான் ஒட்டியிருந்த பாடகர்களைப் பார்த்துக்கொண்டு.

அவர் வந்தார். நாங்கள் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். அந்த நாடா வைத்த நீளச் சப்பாத்து. அப்பாவின் கண்ணில் ஒளி. கழற்றிய சப்பாத்தைப் போட வேண்டும். போடுவதற்கு நேரம் எடுக்கும்.

இடியப்பத்தைப் பார்த்து, குருவிக் கூடு போல இருக்கிறது என்றார். கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து, நண்டுக் காலை எங்களைவிட அழகாக உடைத்துச் சாப்பிட்டார். தன் மகளோடு பேசிக் கனகாலம் என்றார். அவளுக்கு வேட்டை பிடிக்காதாம். உங்களைப் பற்றி அவளுக்கு எழுதினேன், நான் சொல்வதைக் கேட்க ஒரு வகுப்பே இருக்கிறது என்று எழுதினேன் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா சங்கடத்தோடு இன்னொரு நண்டை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

கடைசியில் எழும்பினார். வாசலுக்கு வந்து மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தார். இடது சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டினார். வலது சப்பாத்தைக் கையில் எடுத்தார்.

“அது சரி சேர்,” என்றார் அப்பா, “ஒரு சின்ன விசயம் சொல்ல மறந்து போனன்.”

பிறகு தமிழில் சொல்லத் தொடங்கினார். நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

“எங்கடை ஆக்கள் நாலு பேர் அங்கை நிக்கினம் சேர். கடற்கரையிலை. ரெண்டு சின்னப் பிள்ளையள். சுத்திவர அடைச்சாச்சு. நீங்கள் ரெண்டு அரசாங்கத்தோடை கதைச்சு ஒரு கூட்டத்தையே வெளியிலை எடுத்தனீங்கள். எங்களுக்கு ஆரோடை கதைக்கிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னாக் காணும். ஒரு லொறி காணும்.”

அவர் சப்பாத்தைக் கையில் வைத்தபடியே இருந்தார். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“நான் மூன்றாவது லொறியை ஓட்டினேன்,” என்றார்.

நான் சொன்னேன். அப்பாவுக்கு விளங்கவில்லை.

“அவ்வளவுதான் என் வேலை. அரசாங்கம், அனுமதி, அதெல்லாம் யாரோ பெரியவர்கள். எனக்கு யாரையும் தெரியாது. ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன்.” சப்பாத்து நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார்: “அவை அங்கே இருக்கவும் இல்லை. மழை முடிய, மிஞ்சியவை பழைய இடத்துக்கே நடந்து திரும்பிவிட்டன. பேச்சில் அதை நான் சொல்வதில்லை. யாருக்கும் பிடிக்காது.”

நான் அதையும் சொன்னேன். மேலே மாடிப்படி கிறீச்சிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வகுப்பு முழுவதும் படிகளில், காலுறைகளோடு, ஒருவர் பின்னால் ஒருவராக நின்றது. இல்ஃபோர்ட் அண்ணையின் பெருவிரல் காலுறை ஓட்டையால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். என் சிரிப்பு எப்போதும் நேரம் தெரியாமல் வருகிற விருந்தாளி.

“நீங்கள் எல்லோரும் இதற்காகத்தான் வந்தீர்களா?” என்றார் யானைத் துரை.

இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கடைசியில் இல்ஃபோர்ட் அண்ணைதான் தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார்:

“நோ நோ, சேர். யானையும் விருப்பம்.”

கிழவர் குனிந்து மற்றக் காலை நீட்டினார். சப்பாத்து காலுக்குள் போக மறுத்தது. அப்பா முழங்காலில் இருந்து, அதை வாங்கி அவருக்குப் போட்டுவிட்டு, நாடாவை இழுத்து, பிள்ளைகளுக்குக் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டார்.

“பரவாயில்லை சேர்,” என்றார். “பரவாயில்லை.”

அவர் போன பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகப் பின் முற்றத்தில் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். மழை பெய்து சப்பாத்தெல்லாம் ஈரம். வாசலில் நின்று யாரும் எதையும் மறந்துபோனதாகச் சொல்லவில்லை.

கடைசிப் பேச்சு வைகாசியில். எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்ன கிழமை. தெருவில் தமிழ் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த கிழமை. இனி எதற்கு அங்கே என்று நான் நினைத்தேன். அப்பா சேர்ட்டை மினுக்கினார்.

“நாங்கள் போகாட்டி அந்தாள் ஆருக்குக் கதைக்கிறது?”

அம்மாவும் அன்று முதல் தடவையாக வந்தாள். வீட்டில் இருந்தால் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாள். போய்ப் பார்த்தால் இரண்டு வரிசையும் அப்படியே வந்திருந்தது. சவரம் செய்யாத முகங்கள். மினுக்கிய சேர்ட்டுகள்.

யானைத் துரை எங்களைப் பார்த்துவிட்டு, பேச வாயெடுத்து, விட்டுவிட்டார். இயந்திரத்தைத் தட்டினார். ‘க்ளக்’. படம் இல்லாத இடம். திரை முழுக்க வெறும் வெளிச்சம். அடுத்ததைத் தட்டினார், தட்டு சிக்கிக்கொண்டது, அசையவில்லை. கேள்வி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. சரிசெய்யும்படி நாங்களும் கேட்கவில்லை. அவரும் வந்து முதல் வரிசையில், அம்மாவுக்கு அடுத்த கதிரையில் இருந்தார். இயந்திரத்தின் காற்றாடி இரைந்தது. எல்லோரும் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பென்சன் அம்மா நித்திரை. அவளுடைய குறட்டை மட்டும் அந்த மண்டபத்தில் மனிதர் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

போகும்போது ஒரு படச் சில்லை அப்பாவின் கையில் வைத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு லொறியின் பின்பக்கம், கம்பிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு காது. வீடு மாறியபோது அது எங்கோ போய்விட்டது. அவரும் எங்கோ போய்விட்டார். அடுத்த வருடம் விளம்பரம் ஒட்டவில்லை.

மாமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாமியைப் பற்றி, குட்டிகளைப் பற்றி, ஒன்றும் தெரியாது. இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. உங்களில் பலருக்கும் இதே கணக்குத்தான் என்பதால் இதை நீட்டவில்லை.

அப்பா அதன் பிறகு மாமாவின் பெயரை எடுத்ததே இல்லை. எனக்குத் தெரிந்து ஒரு சொல் கிடையாது. நான் இப்போது வேறு வீட்டில் இருக்கிறேன், ஞாயிறுகளில் அப்பா அம்மாவிடம் போவேன். சாப்பிடுவோம், காலநிலை பேசுவோம், என்னுடைய கலியாணம் நடக்காததைப் பற்றி அம்மா ஒரு சுற்றுப் பேசுவாள். என் இடுப்புக்கு இழுத்து மாட்டுகிற சப்பாத்துத்தான் நல்லது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். நான் நாடா வைத்ததுதான் வாங்குகிறேன். படியின் அடியில் இருந்து மெதுவாகக் கட்டுவேன். அப்பா கதவைப் பிடித்தபடி நிற்பார். நான் நேரம் எடுப்பேன். “பாத்துப் போ பிள்ளை,” என்பார். வருடக்கணக்காக அவ்வளவுதான்.

போன ஞாயிறு ஒரு சப்பாத்தைக் கட்டி முடித்துவிட்டு மற்றதைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“அது சரி,” என்றார் அப்பா.

நான் நிமிரவில்லை.

“அந்த யானையள் திரும்பி நடந்தது எண்டு சொன்னவர் எல்லோ?”

“ஓம் அப்பா.”

“எவ்வளவு தூரமாம்?”

“அது சொல்லேல்லை.”

“நீ கேக்கேல்லையோ?”

“இல்லை அப்பா.”

அவர் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

“ம்,” என்றார். “பாத்துப் போ.”

நான் கட்டிய நாடாவை அவிழ்த்து, மறுபடி முதலில் இருந்து கட்டத் தொடங்கினேன்.